அவளுக்காகச் சொன்ன பிரசென்ட் மிஸ்

மகள் இன்று பள்ளிக்கு வரவில்லை என்று கைபேசிக்குச் செய்தி வந்தபோது, நான் ஒரு பெரியவர் உயிரோடு இருக்கிறார் என்று எழுதிக்கொண்டிருந்தேன். அதுதான் என் உத்தியோகம். நாகர்கோவிலில், கருவூலத்தில், ஓய்வூதியப் பிரிவு. ஓய்வு பெற்றவர்கள் வருடத்துக்கு ஒருமுறை நேரில் வந்து, தாங்கள் இன்னும் இருக்கிறோம் என்பதை என் முன்னால் நிரூபித்துவிட்டுப் போக வேண்டும். நான் முகத்தைப் பார்ப்பேன், படத்தைப் பார்ப்பேன், கையெழுத்து வாங்குவேன். மிச்ச நேரத்தில் வார இதழ்களுக்கு நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதுகிறேன். இரண்டு வேலைக்கும் பெரிய வேறுபாடில்லை. இரண்டிலும் எதிரே இருப்பவர் சிரிப்பது அபூர்வம்.

காலையில் பூதப்பாண்டியிலிருந்து ஸ்கூட்டரில் கூட்டி வந்து, மூன்றாம் வகுப்பு வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் அலுவலகம் போயிருந்தேன். மகளுக்கு ஒன்பது வயது. பேச்சு கிடையாது. நாலைந்து வார்த்தைகள் உண்டு, அவை தங்களுக்குத் தோன்றும்போது வரும். சுற்றுகிற எதைக் கண்டாலும் அதை நோக்கிப் போய்விடுவாள். மின்விசிறி, சைக்கிள் சக்கரம், பேருந்தின் டயர். அந்த டயர்தான் என்னை ஓட வைத்தது. பெரியவரைப் பாதி உயிரில் நிறுத்திவிட்டு, தலைக்கவசம் கூட இல்லாமல் பள்ளிக்கூடத்துக்கு விரட்டினேன்.

வாயிற்காவலர் ஒரு பிள்ளையும் வெளியே போகவில்லை என்று சத்தியம் செய்தார். மாடிப்படியை என் வாழ்நாளில் ஏறாத வேகத்தில் ஏறி, வகுப்பு வாசலில் மூச்சு வாங்க நின்றேன். இரண்டாவது பெஞ்சில், ஜன்னலோரம், என் மகள் உட்கார்ந்திருந்தாள். காலையில் அவள் அம்மா கட்டிய ரிப்பன் அப்படியே இருந்தது. மேலே சுற்றும் விசிறியை, விசிறி ஆகாயத்துக்குச் சொந்தம் என்பது போல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து இடம் காலியாக இருந்தது.

வகுப்பாசிரியை சின்ன வயதுக்காரி, நல்ல பெண். கைபேசியைக் காட்டினேன். அவர் வருகைப் பதிவேட்டைப் பார்த்தார், என் மகளைப் பார்த்தார், மறுபடி பதிவேட்டைப் பார்த்தார். முகம் காதுவரை சிவந்துவிட்டது. முதல் பெஞ்சில் இருந்த ஒரு சிறுமிதான் எழுந்து எனக்கு விளக்கினாள்.

"அவ இன்னைக்கு லீவு சார். காய்ச்சல். அதான்."

"எவ?"

"இவளுக்குப் பிரசென்ட் சொல்லுகவ."

பக்கத்து இடத்துக்காரி. விஷயம் இவ்வளவுதான். வருடம் முழுக்க, ஆசிரியை என் மகளின் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற சிறுமி "பிரசென்ட் மிஸ்" என்று சொல்லியிருக்கிறாள். பிறகு தன் பெயர் வரும்போது தனக்கும் ஒன்று. ஆசிரியைக்கு அது பழகிப்போய், தலையை நிமிர்த்தாமல் குறித்துக்கொண்டு போவார். அன்றைக்குக் குரல் வரவில்லை. குரல் வராத இடத்தில் ஆள் இருக்க முடியாது என்று பேனா முடிவெடுத்துவிட்டது. கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு 'வரவில்லை' விழுந்தது.

ஆசிரியை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பரவாயில்லை என்பது எனக்கு இடறி விழும்போதுகூட வருகிற வார்த்தை. திரும்பி வந்து பெரியவருக்கு மிச்ச உயிரையும் கொடுத்து அனுப்பினேன். அவரைக் கூட்டி வந்த மருமகன், நான் அவரிடம் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் தானே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அது வழக்கம்தான். அன்றைக்குத்தான் எனக்கு அது உறைத்தது.

எங்கள் பக்கத்தில் ஒருவரிடம் கேட்ட கேள்விக்கு அவரே பதில் சொல்வது கொஞ்சம் மரியாதைக் குறைவு. பக்கத்தில் இருக்கிறவர் எதற்கு இருக்கிறார்? மருத்துவர் எனக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்டால் மனைவி சொல்வாள். அவளிடம் கேட்டால் நான் சொல்வேன். கல்யாணப் பந்தியில் புளிசேரி வாளி என் இலைக்கு நேராக வரும்போது, "நல்லா ஊத்தும்வே, அத்தானுக்குப் புளிசேரின்னா உயிரு" என்று மைத்துனர் சொல்வார். எனக்குப் புளிசேரி ஆகாது. கல்யாணமான நாள் முதல் சாப்பிட்டு வருகிறேன். அன்பு என்று எங்களுக்குத் தெரிந்தது இதுதான்: அடுத்தவன் வாயைத் திறக்கும் சிரமத்தை அவனுக்குக் கொடுக்காமல் இருப்பது. அந்தச் சிறுமியும் இந்த ஊர்ப் பிள்ளைதானே.

அன்று மாலை மனைவியிடம் சொன்னேன். சிரிக்கும்படியாகச் சொன்னேன், எனக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியாது. அவள் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. "பாத்தியளா, எவ்வளவு பிரியம் அந்தப் பிள்ளைக்கு" என்றாள். அவள் கண் கலங்கியது சந்தோஷத்தில்.

இருவரும் ஒரே சம்பவத்தைத்தான் பார்த்தோம். நான் பார்த்தது: என் மகள் அந்த வகுப்பில் இல்லவே இல்லை, இன்னொரு பிள்ளையின் குரலில்தான் இருந்திருக்கிறாள். மனைவி பார்த்தது: அவளுக்காகக் குரல் கொடுக்க ஒரு பிள்ளை இருக்கிறது. அடுத்த ஜூனில் மகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் விடுவது என்கிற, இரண்டு வருடமாக நாங்கள் சோற்றுக்கு நடுவே பேசிப் பேசி ஆறவிட்ட விஷயம் அன்றைக்கு மறுபடி சூடானது.

இருக்கிற பள்ளிக்கூடம் கன்னியர் நடத்துவது. எந்தப் பிள்ளையையும் தள்ளக்கூடாது என்று சட்டம் வருவதற்கு முன்னாலேயே தள்ளாதவர்கள். தலைமையாசிரியையான சிஸ்டர், "அவ எங்களுக்கு ஒரு ஆசீர்வாதம் சார்" என்பார், மனதாரச் சொல்வார். ஆண்டு விழாவில் மகளுக்குச் சிறகு கட்டி மேடையில் தேவதையாக நிறுத்தினார்கள். அசையாமல் நிற்க வேண்டிய வேடம் அது ஒன்றுதான். பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளை இன்னொரு தேவதையாக அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாங்கள் முதல் வரிசையிலிருந்து படம் எடுத்தோம். சிறப்பாசிரியர் ஒருவரும் வருவார், பல பள்ளிகளுக்கு அவர் ஒருவரே. அவர் வரும் நாளில் மகளுக்குப் பெரும்பாலும் சளிப் பிடித்திருக்கும். அரசாங்கத் தாள்களில் இதற்கு உள்ளடக்கிய கல்வி என்று பெயர். எங்கள் விஷயத்தில் அந்தக் கல்வி முழுவதும், இரட்டைப் பின்னல் போட்ட ஒரு எட்டு வயதுப் பெண்ணின் தோளில் நின்றுகொண்டிருந்தது. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் திட்டம் படுத்துவிடும்.

இன்னொன்று, அஞ்சுகிராமம் போகிற சாலையில், காற்றாலைகளுக்கு நடுவே இருக்கிற சிறப்புப் பள்ளி. அங்கே எல்லாப் பிள்ளைகளும் இவளைப் போல, அல்லது இவளைவிடக் கொஞ்சம் அப்படி, கொஞ்சம் இப்படி. பாடப்புத்தகம் கிடையாது. பல் துலக்க, பொத்தான் மாட்ட, சாலை கடக்க, வேண்டும் வேண்டாம் என்று தெரிவிக்கச் சொல்லிக் கொடுப்பார்கள். சாதாரணப் பள்ளிக்கூடத்தில் படித்து வந்த எனக்கு இவற்றில் இரண்டு இன்னும் வராது.

மனைவிக்கு அந்த இடத்தின் பெயரே ஆகாது. காரணம் உண்டு. அவளுடைய பெரியப்பா வீட்டில் ஒரு அண்ணன் இருந்தார், பேச்சு இல்லாதவர். வீட்டுக்கு ஆள் வந்தால் அவரைப் பின்கட்டு அறைக்குள் கொண்டுபோய் உட்கார வைத்துக் கதவைச் சாத்துவார்கள். அடிக்க மாட்டார்கள், பட்டினி போட மாட்டார்கள், கறியில் நல்ல துண்டு அவருக்குத்தான். ஆனால் கதவு சாத்தப்படும். இவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அந்தக் கதவுக்குள் தட்டு கொண்டுபோய் வைத்திருக்கிறாள். பெரியப்பா மகள் கல்யாணத்தன்று மேளச் சத்தத்துக்கு நடுவே அந்த அறையிலிருந்து ஒரு ஒலி கேட்டதாம், யாரும் திரும்பிப் பார்க்கவில்லையாம்.

"சுவத்துல முயலும் பூவும் வரைஞ்சு வச்சா பின்கட்டு பள்ளிக்கூடம் ஆயிருமா?" என்று என்னிடம் கேட்பாள்.

நான் படித்தவன். ஆகவே படித்தேன். எல்லாப் பிள்ளைகளோடும் சேர்ந்து படிக்க வேண்டும் என்று சொல்கிறவற்றையும் வாசித்தேன், தனியாகக் கவனித்துப் பயிற்றுவிக்க வேண்டும் என்று சொல்கிறவற்றையும் வாசித்தேன். இரண்டும் சரியாக இருந்தன. வாசிப்பினால் வருகிற ஒரே நன்மை, தவறு செய்யும்போது காரணத்தோடு செய்யலாம். அலுவலகத்திலும் கருத்துகளுக்குக் குறைவில்லை. பேசுகிற பிள்ளைகளோடு இருந்தால்தானே பேச்சு வரும் என்றார் ஒருவர். ஓய்வூதியர் ஒருவர், எல்லாம் பத்து வயதில் சரியாகிவிடும், தன் தம்பி மகன் அப்படித்தான், இப்போது துபாயில் இருக்கிறான் என்றார். எங்கள் மாவட்டத்தில் குணமானதற்கு அடையாளம் துபாய்.

பரீட்சை முடிந்து விடுமுறை தொடங்கியதும், வந்து பார்ப்பதில் என்ன போகிறது என்று மனைவியைச் சம்மதிக்க வைத்து, மூவரும் அஞ்சுகிராமம் பக்கம் போனோம். சிறப்புப் பள்ளியில் அப்போதும் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. சாலையின் இரண்டு பக்கமும் காற்றாலைகள் பிரம்மாண்டமாகச் சுற்றின. மகள் பேருந்து ஜன்னலில் நெற்றியை வைத்து, மூச்சுவிட மறந்து பார்த்தாள். இறங்கவே மாட்டேன் என்றாள், அவள் மொழியில். "அவளுக்குக் காத்தாடி பாக்கதுக்கு ஒரு பள்ளிக்கூடமாக்கும்" என்றாள் மனைவி. அவள் வரும்போதே தீர்ப்போடுதான் வந்திருந்தாள்.

பொறுப்பாளர் அம்மாள் ஐம்பது தாண்டியவர், களைத்த முகம். எங்களைப் பெரிய கூடத்துக்குக் கூட்டிப் போனார். சுவரில் முயலும் இருந்தது, பூவும் இருந்தது. மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிள்ளைகள் சிறு சிறு கூட்டமாக இருந்தார்கள். ஒருவன் காதைப் பொத்திக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தான். ஒருத்தி என் சட்டைப் பையிலிருந்த பேனாவை உரிமையோடு எடுத்துக்கொண்டாள். ஓரத்தில் மீசை முளைத்த ஒரு வாலிபர் காகித உறை மடித்துக்கொண்டிருந்தார். அவர் புறங்கையில் பளபளக்கும் நட்சத்திரம் ஒட்டியிருந்தது, நன்றாகச் செய்த பிள்ளைகளுக்கு ஒட்டுவது. மனைவி அந்த நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் எதைக் கணக்குப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நம் பிள்ளைக்கு மீசை முளைக்காது, மற்றபடி இதுதான்.

மகளுக்குத் தாகம். என் தோள்பையை இழுத்தாள். நான் தண்ணீர் புட்டியை எடுத்து மூடியைத் திருகப் போனேன், தினமும் அதைத்தான் செய்கிறேன். பொறுப்பாளர் கையை நீட்டிப் புட்டியை வாங்கி, மூடியோடு அவள் முன்னால் மேசையில் வைத்தார். வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். காத்திருந்தார்.

அப்படி யாரும் காத்திருந்து நான் பார்த்ததில்லை. கடைக்காரர், நடத்துனர், மருத்துவர், நான், எல்லோரும் அவளிடம் ஒன்று கேட்டுவிட்டு, கேட்ட வேகத்திலேயே பதிலையும் எடுத்துக்கொள்கிறவர்கள். இவர் வேறு வேலை இல்லாதவர் போல இருந்தார். மகள் புட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிணுங்கினாள், அழுதாள், மேசையைத் தட்டினாள். கூடத்துக்குள் அவள் அழுகை ஏறிக்கொண்டே போனது. என் கை தானாக நீண்டது.

"சார், நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றார் அவர்.

வெளியே நின்றேன். அலுவலகத்தில் எத்தனையோ பேரை அப்படிச் சொல்லி நிறுத்தியிருக்கிறேன், நிற்பது அவ்வளவு சுலபமில்லை. உள்ளே ஏதோ உருண்டு விழுந்த சத்தம். எட்டிப் பார்த்தேன். மகள் புட்டியைத் தூக்கி எறிந்திருந்தாள். அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. மனைவி புட்டியை எடுத்து, மூடியைத் திறந்து, பொறுப்பாளரை நிமிர்ந்தே பார்க்காமல் மகளுக்குக் கொடுத்தாள். அந்த அம்மாளும் தடுக்கவில்லை. "இன்னைக்கு இல்ல. ஒருநாள் தொறப்பா. என்னைக்குன்னு என்கிட்ட கேக்காதீங்க" என்றார். பிறகு, நான் கேட்காமலேயே, இரண்டு ஆசிரியைகள் வேலையை விட்டுப் போய்விட்டார்கள் என்றும், எல்லா நாளும் இதுபோல எதிரே உட்கார முடியாது என்றும் சொன்னார். மறைத்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், ஒரு முடிவுக்கு வந்திருப்பேன்.

திரும்பும் பேருந்தில் ஊர் நெருங்கும்போது மனைவி, "அந்தப் பையன் கையில நட்சத்திரம் கண்டியளா?" என்று மட்டும் கேட்டாள். கண்டேன் என்றேன். அவள் மகளின் புறங்கையைத் தன் கைக்குள் மூடி வைத்துக்கொண்டாள்.

இந்த நிலையில் நான் ஒரு காரியம் செய்தேன். பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளையின் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர்கள் கடற்கரைக்காரர்கள். தகப்பனார் கடலுக்குப் போகாமல் கடல் தாண்டிப் போனவர், வளைகுடாவில் வேலை. அம்மாதான் எல்லாம். நன்றி சொல்ல அழைத்து விஷயத்தைச் சொன்னேன். தன் மகள் வீட்டில் இதைச் சொன்னதே இல்லை என்றார். பிறகு அவராகவே, "இப்பதான் சார் வெளங்குது. உறங்கும்போ பிரசென்ட் மிஸ், பிரசென்ட் மிஸ்னு ரெண்டு தடவ சொல்லுவா. நான் பேய்க்கனவுன்னு நெனச்சு நெத்தியில சிலுவ போட்டு விடுவேன்" என்றார்.

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பிள்ளைக்கும் எட்டு வயதுதானே. தூக்கத்தில்கூட இரண்டு ஆளாக இருந்திருக்கிறது. மேல் வகுப்பில், எட்டாவதில், பத்தாவதில், இன்னொருத்திக்கும் சேர்த்து எத்தனை நாள் இருக்கும்? பெரிய பிள்ளையாகி ஒருநாள் வேறு பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தால் அது துரோகமா? மனைவியிடம் இதைச் சொன்னேன். அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே, அப்போது அந்தப் பிள்ளையையும் இவளிடமிருந்து பிரித்துவிடலாம் என்கிறீர்கள் என்றாள். எங்கள் பேச்சு எப்போதும் இந்த இடத்தில் வந்து நிற்கும். இரண்டு பேரும் மகளுக்காகப் பேசுவோம், மகள் வாசலில் குப்புறக் கவிழ்த்த சைக்கிளின் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக்கொண்டிருப்பாள்.

மே மாதக் கடைசியில் அந்த அம்மா தன் மகளை ஒருநாள் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தார். அவருக்கு நாகர்கோவிலில் வங்கியில் ஒரு வேலை இருந்தது, பிள்ளையை மாலை வரை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். கையில் ஒரு பை நிறைய நெத்திலிக் கருவாடு. என் மகள் தோழியைக் கண்டதும் ஓடி வந்து அணைத்துக்கொள்ளவில்லை, அவள் அப்படிப்பட்டவள் இல்லை. கொஞ்ச நேரம் சுற்றி வந்தாள். பிறகு அவளுடைய ஒரு பின்னலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அது போதும் என்பது போல அந்தப் பிள்ளையும் பேச ஆரம்பித்தது. அது பேசும், இவள் பின்னலைப் பிடித்திருப்பாள். வருடம் முழுக்க அந்த இரண்டாவது பெஞ்சில் இதுதான் நடந்திருக்க வேண்டும்.

மதியச் சோற்றுக்குப் பிறகு பள்ளிக்கூட விளையாட்டு. சிறுமிதான் டீச்சர். என் பழைய கண்ணாடிக் கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மகளையும் மூன்று தலையணைகளையும் சுவரோரம் வரிசையாக உட்கார வைத்தாள். அன்று விடுப்பு போட்டிருந்த நான் கட்டிலில் ஒரு கட்டுரையின் முதல் வரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மனைவி அடுக்களை வாசலில் கருவாட்டின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

டீச்சர் வருகை எடுத்தாள். முதல் தலையணையின் பெயரைக் கூப்பிட்டு, குரலை மாற்றி, "பிரசென்ட் மிஸ்" என்றாள். இரண்டாவது தலையணைக்கு இன்னொரு குரல். மூன்றாவதுக்கு மூக்கால் ஒன்று. பிறகு என் மகளின் பெயரைக் கூப்பிட்டாள். கூப்பிட்ட கையோடு, பழக்கம் போல, தானே வாயைத் திறந்தாள்.

மகள் எழுந்தாள். நேராகப் போய், தன் உள்ளங்கையைத் தோழியின் வாய்மேல் வைத்தாள். அடித்ததல்ல, தள்ளியதல்ல. கொதிக்கும் பாலுக்குத் தட்டு வைத்து மூடுவது போல வைத்தாள். வைத்தபடி நின்றாள்.

அந்தப் பிள்ளையின் கண்கள் கைக்கு மேலே விரிந்து என்னைப் பார்த்தன. கண்ணாடிக் கூடு கையில் அப்படியே இருந்தது. நான் அசையவில்லை. மனைவி கருவாட்டை முறத்தில் போட்டாள். மேலே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, மகள் அதைப் பார்க்கவில்லை. அறையில் எல்லோரும் அவளுக்காகக் காத்திருந்தோம். எங்கள் வீட்டில் அது முதல் தடவை.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்துக் கையை எடுத்தாள். பின்னலைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். டீச்சர் பெரிய மூச்சு விட்டு, அடுத்துக் கணக்குப் பாடம் என்று அறிவித்தாள்.

மாலையில் அவர்கள் போன பிறகு மனைவி கட்டிலருகே வந்து நின்றாள். "எதுக்கு அப்படிச் செய்தா?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தானே சொல்ல வேண்டும் என்கிற எண்ணம் அவளுக்கு வந்துவிட்டது என்று சொல்லலாம். பேசும்போது உதட்டில் எழும் அதிர்வைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் இந்தப் பிள்ளைகளுக்கு உண்டு என்று எங்கோ வாசித்ததைச் சொல்லலாம். தலையணைகளோடு தன்னையும் சேர்த்துவிட்டது பிடிக்கவில்லை என்றும் சொல்லலாம். மூன்றையும் வரிசையாகச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"நீங்க சொல்லாண்டாம்" என்றாள். "உங்ககிட்ட கேக்கல."

மகள் அருகே போய்த் தரையில் உட்கார்ந்தாள். அவளிடம் அதே கேள்வியை மெதுவாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தாள். வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. விளக்குப் போட எழுந்த என்னைக் கையைக் காட்டி உட்காரச் சொன்னாள். மகள் அவள் மடியில் தலையை வைத்து, வளையல்களை ஒவ்வொன்றாகச் சுற்றிவிட ஆரம்பித்தாள். பதில் வரவில்லை. ஆனால் அடுத்த நாள் காலை மனைவி அஞ்சுகிராமம் பள்ளியின் எண்ணை என்னிடம் கேட்டாள்.

மாற்றுச் சான்றிதழ் மட்டும் இப்போது வாங்க வேண்டாம் என்றாள். கொஞ்ச நாள் போகட்டும், பழைய இடம் அங்கேயே இருக்கட்டும் என்று சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டோம். சிஸ்டர் வருத்தப்பட்டார், ஆனால் ஒத்துக்கொண்டார். நாற்காலியில் துண்டு போட்டுவிட்டு எழுந்து போவது எங்கள் ஊர்ப் பழக்கம். பெரிய முடிவுகளைக்கூட நாங்கள் அப்படித்தான் எடுப்போம்.

ஜூனில் பள்ளிகள் திறந்த அன்று, நாகர்கோவிலில் அஞ்சுகிராமம் பள்ளியின் வேன் வரும் இடத்தில் மகளை ஏற்றிவிட்டு நாங்களும் பின்னாலேயே போனோம். சிறப்புப் பள்ளியில் வருகைப் பதிவு வேறு விதம். மேசைமேல் பிள்ளைகளின் படம் ஒட்டிய அட்டைகள் இருக்கும். ஒவ்வொருவரும் வந்ததும் தன் அட்டையை எடுத்துச் சுவரிலுள்ள ஆணியில் மாட்ட வேண்டும். வேறு யாரும் மாட்டக்கூடாது. காதைப் பொத்துகிற பையன் ஒரு கையை எடுத்து மாட்டிவிட்டுத் திரும்பப் பொத்திக்கொண்டான். மீசை வைத்த வாலிபர் நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று சரிபார்த்தார். மகள் மேசை முன்னால் நின்றாள். ஆண்டு விழாவில் எடுத்த படத்தைத்தான் கொடுத்திருந்தோம், சிறகு தெரியாமல் வெட்டி. அவள் அதைப் பார்த்தாள். ஜன்னல் வழியே காற்றாலையைப் பார்த்தாள். அட்டை மேசையிலேயே கிடந்தது. நானும் மனைவியும் வாசலில் நின்றோம். இந்த முறை யாரும் எங்களை வெளியே போகச் சொல்லவில்லை, நாங்களாகவே நின்றோம்.

அப்போது என் சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. தங்கள் மகள் இன்று பள்ளிக்கு வரவில்லை. பழைய பள்ளியிலிருந்து. மனைவி வாங்கி வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

மாலையில் கடற்கரை அம்மா கூப்பிட்டார். தன் மகள் வந்ததிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்றார். காலையில் வருகை எடுக்கும்போது புது மிஸ் என் மகளின் பெயரைக் கூப்பிட்டாராம். வகுப்பே திரும்பி இவளைப் பார்த்ததாம்.

"எனக்க மவ என்ன செய்தா தெரியுமா சார்? ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டு இருந்தாளாம். மிஸ்ஸு ரெண்டு மட்டம் கூப்பிட்டாவளாம். கையை எடுக்கவே இல்லியாம்."

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கூட்டி வரட்டுமா என்று கேட்டார். மகளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இணைப்பைத் துண்டிக்காமல் கைபேசியை அவள் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு, நானும் உட்கார்ந்தேன்.